ஏழு விஸ்கி, எட்டு எண்: பெயரை மறைத்துச் சுவைத்த பதிவு

விஸ்கிக்கு மதிப்பெண் போடும்போது கோப்பைக்குள் இருப்பதற்கு மட்டும் யாரும் போடுவதில்லை. புட்டியின் கனம், அட்டையில் அச்சான வயது, நாட்டின் பெயர், எப்போதோ படித்த பாராட்டு எல்லாம் சேர்ந்தேதான் நாக்கில் இறங்குகின்றன. அவற்றைப் பிரித்து வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். நாடும் தயாரிப்பு முறையும் வேறுபட்ட ஏழு விஸ்கிகளை எடுத்து, பெயரை மறைத்து, ஆல்கஹால் அளவைச் சமப்படுத்தி, ஒரே தாளில் மதிப்பிட்டேன். எது முதலிடம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு கேள்வி: என் நாக்கு தரும் மதிப்பெண்ணில் பிழை எவ்வளவு? அது தெரியாமல் ஒன்றுக்கு 7.5, இன்னொன்றுக்கு 8 என்று எழுதுவதில் பொருளே இல்லை.

தேர்வுக்கு ஒரே விதிதான். ஒவ்வொன்றும் செய்முறையில் மற்றவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

அயர்லாந்துக்கு ரெட்பிரெஸ்ட் 12 (எண், பீப்பாயில் முதிர்ந்த ஆண்டுகள்). இது ‘சிங்கிள் பாட் ஸ்டில்’ வகை. முளைகட்டிய பார்லியுடன் முளைகட்டாத பார்லியையும் சேர்த்து ஊறலிடுவார்கள். இரண்டும் தலா 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முளைகட்டிய பார்லிக்கு வரி இருந்த 18ஆம் நூற்றாண்டில், அந்தச் சுமையைக் குறைக்கப் பரவிய பழக்கம் இது. வரி போய்விட்டது, சுவை தங்கிவிட்டது. முளைகட்டாத தானியம் தரும் எண்ணெய்ப் பிசுக்கும் மெல்லிய காரமும் வேறெந்த வகையிலும் இப்படிச் சேர்ந்து வருவதில்லை.

அமெரிக்காவுக்கு இரண்டு. போர்பனில் வைல்ட் டர்க்கி 101 (இந்த எண் வயது அல்ல, ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு), ரை விஸ்கியில் ரிட்டன்ஹவுஸ். போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். ரையில் அதே அளவுக்கு ரை தானியம். இரண்டுமே உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் முதிர வேண்டும் என்பது சட்டம். வண்ணம் சேர்க்கக் கூடாது என்பதால் போர்பனின் நிறம் முழுவதும் மரம் கொடுத்தது.

ஸ்காட்லாந்துக்கும் இரண்டு, ஏனென்றால் அந்த நாட்டை ஒரு புட்டியில் அடக்க முடியாது. ஸ்பேசைடு வட்டாரத்திலிருந்து, ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த கிளென்ஃபார்க்லஸ் 15. ஐலா தீவின் தென்கரையிலிருந்து, பீட் புகையில் உலர்த்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், செய்த லகவூலின் 16. பீட் என்பது சதுப்பு நிலத்தில் நூற்றாண்டுகளாகப் படிந்து பாதி மக்கிய தாவரம். அது எரியும்போது எழும் ஃபீனால் சேர்மங்கள் ஈரமான பார்லியில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்தியாவிலிருந்து அம்ருத் ஃபியூஷன். பெங்களூரில் செய்யப்படும் இந்த மால்ட் விஸ்கி 2009-இல் வெளிவந்தது. பெரும்பகுதி புகையேறாத இந்தியப் பார்லி. மீதி, ஸ்காட்லாந்தில் பீட் புகையூட்டியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். வெப்பத்தில் மரத்திலிருந்து சாரம் வேகமாக இறங்குவதால், வயது எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண். இந்தப் புட்டியில் வயது அச்சிடப்படவே இல்லை. என் பார்வையில் அது நேர்மையான முடிவு.

ஏழாவது, ஜப்பானின் நிக்கா நிறுவனத்தின் ‘நிக்கா ஃப்ரம் த பேரல்’. மால்ட் விஸ்கியும் பிற தானிய விஸ்கியும் கலந்தது. ஜப்பானிய மதுத் தயாரிப்பாளர் சங்கம் 2021-இல் ‘ஜப்பானிய விஸ்கி’ என்ற பெயருக்கு விதிமுறை வகுத்தபோது, அந்த வரையறை முழுவதையும் இது நிறைவு செய்யவில்லை என்று நிறுவனமே அறிவித்தது. பிறப்பிடம் என்பது எவ்வளவு நெகிழ்வான சொல் என்று காட்டுவதற்காகவே இதைச் சேர்த்தேன்.

அடுத்தது ஆல்கஹால் அளவு. இந்த ஏழும் 40 சதவீதத்திலிருந்து 51.4 சதவீதம் வரை பரவிக் கிடக்கின்றன. 40-ஐயும் 50-ஐயும் அப்படியே அடுத்தடுத்து வைத்தால், 50 இருப்பது பெரியதாகவும் நீண்டதாகவும் தெரியும். அந்த வேறுபாட்டை எந்த நாக்கும் ‘தரம்’ என்றே படிக்கும். ஆகவே எல்லாவற்றையும் மிகக் குறைந்த அளவான 40-க்கு இறக்கினேன். கணக்கு எளிது: விஸ்கியின் சதவீதத்தை 40-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, எடுத்த அளவால் பெருக்கினால் சேர்க்க வேண்டிய நீர் கிடைக்கும். 40 மில்லி விஸ்கிக்கு லகவூலினுக்கு (43) 3 மில்லி, கிளென்ஃபார்க்லஸுக்கு (46) 6 மில்லி, அம்ருத்துக்கும் ரிட்டன்ஹவுஸுக்கும் (50) தலா 10 மில்லி, வைல்ட் டர்க்கிக்கு (50.5) 10.5 மில்லி, நிக்காவுக்கு (51.4) 11.4 மில்லி. ரெட்பிரெஸ்ட் ஏற்கெனவே 40. ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது பருமன் சற்றே சுருங்கும் என்பது உண்மைதான். இந்த அளவில் அது நாக்குக்கு எட்டாது.

நீர் காய்ச்சி வடித்ததாக இருப்பது நல்லது. தாதுச் சுவையுள்ள நீர் ஏழிலும் ஒரே வாடையைப் போட்டுவிடும். அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். கலந்ததைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி மூடி, ஓர் இரவு விட்டுவிட்டேன். நீர் சேர்த்தவுடனே மணம் ஒரு கலக்கத்தில் இருக்கும். மறுநாள் அது அடங்கியிருக்கும்.

ஒரு சிக்கல் இங்கேதான் எழுந்தது. குளிர வைத்து வடிகட்டாத விஸ்கி, ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மங்கலாகும். நீரில் கரையாத கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதே காரணம். அம்ருத் குப்பியில் அந்த மென்மூட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. எது எது என்று காட்டிக்கொடுக்க அதுவே போதும். ஆகவே கோப்பைகளின் வயிற்றுப் பகுதி முழுவதையும் கறுப்புத் தாளால் சுற்றி ஒட்டினேன். நிறமும் இதனால் மறைந்தது. மறைக்கத்தான் வேண்டும், ஸ்காட்ச்சில் கருக்கிய சர்க்கரை வண்ணம் சேர்க்க அனுமதி உண்டு, எனவே ஆழ்ந்த நிறத்துக்கும் பீப்பாய்க்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கண் அதை நம்பாமல் இருக்காது.

கோப்பை துலிப் மலர் வடிவம்: வயிறு அகலம், வாய் குறுகல். சோப்பு வாடை துளியும் இல்லாதபடி வெந்நீரில் மட்டும் கழுவி, தலைகீழாகக் கவிழ்க்காமல் காற்றில் உலரவிட்டேன். அட்டைப் பெட்டியில் வைத்திருந்த கோப்பை அட்டையாகவே மணக்கும். ஊற்றுவதற்கு முன் வெறும் கோப்பையை முகர்ந்து பார்ப்பது இந்த வேலையில் நான் விடாமல் செய்த ஒன்று.

குப்பிகளுக்கு எண் இட்டவர் என் அண்ணன். 1, 2, 3 என்று போட்டால் முதல் எண்ணுக்கே மனம் ஒரு மதிப்புக் கொடுத்துவிடும் என்பதால் உணவுச் சோதனைக் கூடங்களில் தற்செயலான மூன்றிலக்க எண்களைப் பயன்படுத்துவார்கள். அதையே செய்யச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்: “அண்ணா, ஏழில் ஏதாவது ஒன்றை இரண்டு குப்பியில் ஊற்றி, இரண்டு எண் கொடுங்கள். எது என்று சொல்ல வேண்டாம்.” இந்த முழு முயற்சியின் உயிர்நாடி அந்த எட்டாவது குப்பிதான். ஒரே விஸ்கிக்கு நான் தரும் இரண்டு மதிப்பெண்களின் இடைவெளிதான் என் அளவுகோலின் பிழை.

புகை விஸ்கிகளை ஒவ்வோர் அமர்விலும் கடைசியில் வைக்கச் சொன்னேன். முழு மறைப்புக்கு இது குந்தகம் என்று சொல்லலாம். ஆனால் லகவூலினை எந்த எண்ணாலும் மறைக்க முடியாது, அறைக்குள் வரும்போதே தெரிந்துவிடும். முன்னால் வைத்தால் பின்னால் வரும் மூன்றும் சாம்பலாகவே சுவைக்கும். பின்னதுதான் பெரிய கேடு.

மதிப்பெண் தாளுக்கு நான் நிறைய யோசித்தேன். மணம், சுவை, பின்சுவை, சமநிலை என நான்கு தலைப்புக்குத் தலா 25 போட்டு நூறாகக் கூட்டுவது பரவலான வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நூறு படிகளைப் பிரித்தறியும் திறன் மனித நாக்குக்குக் கிடையாது. நடைமுறையில் எல்லா மதிப்பெண்ணும் 80-க்கும் 95-க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கும். அதைவிடப் பெரிய குறை, ‘எப்படி இருக்கிறது’ என்பதும் ‘எனக்குப் பிடித்திருக்கிறதா’ என்பதும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. ஆகவே தாளை இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதியில் புகை, மரம், இனிப்பு, உலர்பழம், புதுப்பழம், தானியக் காரம், எரிச்சல் என ஏழு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை செறிவு மட்டும். நல்லது கெட்டது என்ற பேச்சே அங்கு இல்லை. தாளை மடித்த பிறகு, மறுபக்கத்தில் விருப்பம்: 10-க்கு, அரைப்புள்ளி படிகளில்.

ஓர் அமர்வுக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு 10 மில்லி, சுவைத்த பின் பெரும்பாலும் துப்பிவிடுவது. நான்காவது கோப்பையில் மூளை மயங்கத் தொடங்கினால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. முகரும்போது வாயைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். மூக்கு சலித்துவிட்டால் என் சட்டைக் கையை முகர்ந்தேன். பழகிய வாடை மூக்கைத் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பிவிடுகிறது.

முதல் அமர்வு. 318: பச்சை ஆப்பிள், ஈரத் தானியம், இஞ்சியின் ஓரம், நாக்கில் எண்ணெய்த்தன்மை, முடிவு கொஞ்சம் குறுகல். விருப்பம் 7. 742: திறந்ததுமே வெனிலா, கருக்கிய சர்க்கரை, தேங்காய் எண்ணெயை நினைவூட்டும் ஓர் இனிமை. மரப் பண்புக்கு 5 போட்டேன், கை தயங்கவே இல்லை. வெனிலா மணம் ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து வருவது. தேங்காய் மணம் அதே மரத்தின் லாக்டோன். விருப்பம் 7.5. 506-க்கு வந்தபோது மரம் வேறு முகம் காட்டியது: உலர்ந்த அத்தி, திராட்சை, வால்நட் தோலின் துவர்ப்பு. 8. கடைசியில் 961: ஆரஞ்சுத் தோல், அடர்ந்த சாக்லேட், பின்னால் இருந்து எட்டிப்பார்க்கும் மென்புகை. வாயில் ஒன்றாகவும் மூக்கில் இன்னொன்றாகவும் இருந்தது. அந்த மாறுதலை ரசித்தேன். 7.5.

இரண்டாம் அமர்வு. 255: மிளகு, கிராம்பு, புதினாவின் குளிர்ச்சி, நடுவில் வறட்சி. 7. அடுத்து 830 வந்தது. முந்தையதன் காரத்துக்குப் பிறகு இது தேனாக இறங்கியது. கனிந்த பேரிக்காய், பாதாம், வெண்ணெய் போன்ற உடல். ‘இந்த வரிசையில் மிக மென்மையானது’ என்று எழுதி 8 கொடுத்தேன். 417: அழகான முன்மணம், ஆனால் வாயில் நீர்த்துத் தளர்ந்திருந்தது, எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. 6.5. 694: புகை, அயோடின், கடற்பாசி, அதற்கடியில் நம்ப முடியாத இனிப்பு. 8.5.

எந்த எண் எந்த விஸ்கி என்று அண்ணன் எழுதி வைத்திருந்த உறையைத் திறந்தோம். 742 வைல்ட் டர்க்கி, 506 கிளென்ஃபார்க்லஸ், 961 அம்ருத், 255 ரிட்டன்ஹவுஸ், 417 நிக்கா, 694 லகவூலின். 318-உம் 830-உம் ஒன்றே. இரண்டும் ரெட்பிரெஸ்ட்.

முதலில் வந்தபோது பச்சை ஆப்பிளும் இஞ்சியுமாக 7 வாங்கியது, ரைக்குப் பின்னால் வந்தபோது தேனும் பேரிக்காயுமாக 8 வாங்கியது. விஸ்கி மாறவில்லை, முன்னால் நின்றது மாறியது. காரத்துக்குப் பின் எதுவும் இனிக்கும். மறைக்கப்பட்ட கோப்பையில் இந்த விளைவு எவ்வளவு வலியது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? வரிசையைத் தலைகீழாக்கி மீண்டும் செய்தபோதும் அந்த இடைவெளி ஒரு புள்ளியை ஒட்டியே நின்றது. ஆகவே என் பிழை 1. அதற்குள் அடங்கும் எந்த வேறுபாடும் வேறுபாடே அல்ல என்று வைத்துக்கொண்டு பட்டியலைத் திரும்பப் படித்தேன். ஏழு விஸ்கிகளுக்குள் 21 இணைகள் அமையும். ரெட்பிரெஸ்டுக்குச் சராசரியாக 7.5 வைத்தால், ஒரு புள்ளிக்கு மேல் பிரிந்து நிற்பவை மூன்றே இணைகள்: லகவூலினும் நிக்காவும், லகவூலினும் ரிட்டன்ஹவுஸும், கிளென்ஃபார்க்லஸும் நிக்காவும். மீதி 18 இணைகளில் ‘இது அதைவிட மேல்’ என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சு.

விருப்ப மதிப்பெண் இப்படிக் கலைந்துபோனாலும், தாளின் முதல் பகுதி உறுதியாக நின்றது. ரெட்பிரெஸ்டின் இரண்டு தாள்களிலும் புகை 0, தானியக் காரம் 2, மரம் 2. மாறியது இனிப்பும் பழமும் மட்டுமே. பண்புகளின்படி ஏழையும் அடுக்கிப் பார்த்தபோது நாடுகளின் எல்லை காணாமலே போய்விட்டது. ஒரே சட்டத்தின் கீழ் வரும் இரண்டு ஸ்காட்ச்சும் வரிசையின் எதிரெதிர் முனைகளில் நின்றன. மரப் பண்பில் அம்ருத்துக்கு மிக நெருங்கியவற்றில் ஒன்று வைல்ட் டர்க்கி. ஒன்றில் வெப்பம் செய்த வேலையை மற்றொன்றில் கருக்கிய புது மரம் செய்திருக்கிறது. விஸ்கியை நாடுவாரியாக அடுக்கும் பழக்கத்தை இதன் பிறகு நான் விட்டுவிட்டேன். எந்தப் பீப்பாய், எவ்வளவு புகை, எந்தத் தானியம் என்று கேட்டால்தான் கோப்பையில் வரப்போவதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

நிக்காவுக்கு 40 சதவீதத்தில் நியாயம் கிடைத்ததா என்ற உறுத்தல் இருந்தது. அதனால் 43-க்கு மேற்பட்டவற்றை அவற்றின் சொந்த வீரியத்தில், புதிய எண்களோடு மீண்டும் வைக்கச் சொன்னேன். நிக்கா 8-க்கு ஏறியது. தளர்ந்திருந்த நடுப்பகுதி நிறைந்து, முன்மணத்தில் இருந்த பழங்கள் வாய்க்குள்ளும் வந்தன. வைல்ட் டர்க்கியும் அரைப்புள்ளி ஏறியது, ஆனால் அது பிழைக்குள் அடங்கும். அம்ருத் எதிர்த்திசையில் நகர்ந்தது: 50-இல் எரிச்சல் 4, ஆரஞ்சு எங்கோ ஒளிந்துகொண்டது. நீர் விட்ட அம்ருத்தையே நான் எடுப்பேன்.

புகை மணம் நீரில் ஏன் எழுகிறது என்பதற்கு 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினிப் பாவனை மூலம் ஒரு விளக்கம் தந்தார்கள். புகை வாடைக்குக் காரணமான குவையகால் மூலக்கூறு, 45 சதவீதம் வரையிலான கலவையில் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டித் தங்குகிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேற்பரப்பில் இருந்தால் மூக்குக்கு அருகில் இருக்கிறது. பீப்பாயிலிருந்து நேரே புட்டியில் அடைத்த புகை விஸ்கிகளுக்கு நீர் விடத் தயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். சில துளிகளால் எதுவும் கெட்டுப்போகாது.

மிச்சமிருந்த சந்தேகம் போர்பனையும் ரையையும் பற்றியது. 40 சதவீதத்தில் இரண்டின் மர மதிப்பெண்ணும் ஒன்றாகவே இருந்தது. இவற்றை உண்மையிலேயே பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்க முக்கோணச் சோதனை வைத்தோம்: மூன்று கோப்பை, இரண்டில் ஒன்றே, தனித்து நிற்பதைக் காட்ட வேண்டும். குருட்டு ஊகத்துக்கே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் ஒருமுறை சரியாகச் சொல்வதில் எந்தப் பெருமையும் இல்லை. தொடர்ந்து ஐந்து முறை சொல்ல 243-இல் ஒரு வாய்ப்புதான். மணத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஊகத்துக்கு மேல் போகவில்லை. வாயில் வைத்தபோது ஒவ்வொரு முறையும் பிரிந்தது, நடுநாக்கில் ரையின் வறண்ட மிளகுக் காரம் எழும் அந்த ஒரு நொடியில். மூக்கில் மரம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, தானியம் நாக்கில்தான் பேசுகிறது.

அடுத்ததாக லகவூலின் 16-க்கு எதிரே ஐலா தீவின் இன்னொரு புகை விஸ்கியான கல் ஈலா 12-ஐ வைக்கப் போகிறேன். இரண்டுக்கும் போர்ட் எலன் என்ற மால்ட் ஆலையிலிருந்தே மால்ட் வருகிறது, புகையேற்றமும் ஏறத்தாழ ஒரே அளவு, மில்லியனில் 35 பங்கு ஃபீனால். அந்த எண் பார்லியில் அளந்தது, கோப்பையில் அல்ல; ஊறலிலும் வடிப்பிலும் எவ்வளவு தங்குகிறது என்பதை வடிகலனின் உருவமும், வடிந்து வருவதைச் சேகரிப்பதை எங்கே வெட்டி நிறுத்துகிறார்கள் என்பதுமே தீர்மானிக்கின்றன. இரண்டும் 43 சதவீதம் என்பதால் இந்த முறை சிரிஞ்சுக்கு வேலை இல்லை. முக்கோணத்தை மணத்துக்கும் வாய்க்கும் தனித்தனியாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.